கடல் நுரையில் குடியேறும் எலும்பு

நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் ஒரு வெள்ளைத் துண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். படகு போன்ற வடிவம். கையில் வைத்தால் கனமே தெரியாது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருப்பவர்கள் இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்துத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கணவாய் வந்து இறங்குகிறது. கடற்கரை மணலிலும் இந்த ஓடு ஒதுங்கிக் கிடக்கும். கிளி வளர்ப்பவர்கள் கூண்டுக் கம்பியில் செருகி வைப்பார்கள். பெயரில்தான் நுரை. உண்மையில் அது கணவாயின் முதுகுக்குள் இருக்கும் ஓடு.

அதை ஒடித்து, ஒடிந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தால் மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் அந்தக் கோடுகள் தளங்களாகிவிடும். தளத்துக்கு மேல் தளம், இரண்டு தளங்களுக்கு நடுவே வரிசையாகத் தூண்கள், தூண்களுக்கு இடையே கூடங்கள். ஓட்டின் பருமனில் 90 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம்தான். அந்தக் கூடங்களில் நீரையும் காற்றையும் மாற்றி மாற்றி நிரப்பித்தான் கணவாய் கடலில் மேலே எழுகிறது, கீழே இறங்குகிறது.

2005இல் ‘போன்’ என்ற மருத்துவ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. போர்ச்சுகலின் அவெய்ரோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அது. கணவாய் ஓட்டை எடுத்து, பாஸ்பேட் கரைசலோடு மூடிய கலத்தில் வைத்து, 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகவைத்தார்கள். பிரஷர் குக்கரைப் போன்ற ஏற்பாடுதான். ஓட்டிலிருந்த கார்பனேட் மெல்ல வெளியேறி, அந்த இடத்தில் பாஸ்பேட் வந்து உட்கார்ந்தது. தளமும் தூணும் கூடமும் அப்படியே நின்றன. ஆனால் கட்டடம் இப்போது சுண்ணாம்புக் கட்டடம் அல்ல. மனித எலும்பில் இருக்கும் அதே தாதுவால் ஆன கட்டடம். அதில் எலும்புச் செல்களை விட்டபோது அவை ஒட்டிக்கொண்டு வேகமாகப் பெருகின. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் எஸ். கண்ணன். பின்னாளில் அவர் பணியாற்ற வந்த இடம், முதலியார்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் காலாப்பட்டு, புதுச்சேரிப் பல்கலைக்கழகம்.

எலும்பு வளர இடம் கொடுக்கும் பொருளைத் தயாரிப்பது இன்று உலகெங்கும் பெரிய ஆராய்ச்சித் துறை. அதன் மூலப்பொருள் தேங்காய்த்திட்டுக் கரையில் கிடக்கிறது, அதைப் பற்றித் தெரிந்தவர்கள் காலாப்பட்டில் இருக்கிறார்கள் என்பது இந்த ஊருக்குப் பெருமையான செய்தி. பலருக்கு இது தெரியாது என்பதால்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலூர் சாலையில் மரப்பாலம் சந்திப்பைக் காலை ஒன்பது மணிக்குக் கடந்து பார்த்தவர்களுக்கு, எலும்பு முறிவைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். பஸ், லாரி, நடுவே நுழையும் இருசக்கர வண்டிகள். விழுந்தவருக்குக் கால் முறிந்தால் மாவுக்கட்டு போடுவார்கள். மோசமான முறிவென்றால் பிளேட்டோ ராடோ வைப்பார்கள். பிறகு பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “எலும்பு கூடிடுச்சா?”

பெரும்பாலும் கூடிவிடும். மாவுக்கட்டும் பிளேட்டும் முறிந்த முனைகளை அசையாமல் பிடித்து வைப்பதோடு சரி. ஒட்டவைக்கும் வேலையை எலும்பே பார்த்துக்கொள்கிறது. முறிந்த இடத்தில் ரத்தம் உறையும், அதில் மென்மையான இணைப்புத் திசு உருவாகும், அது மெல்ல எலும்பாக இறுகும், பிறகு பல மாதங்கள் செதுக்கிச் சீராகும். தோலில் காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்பு நன்றாகக் கூடினால் அங்கே தழும்பு இருக்காது, மறுபடியும் எலும்பேதான் இருக்கும். உடலில் இப்படித் தன்னைத் தானே முழுமையாகப் புதுப்பித்துக்கொள்ளும் திசுக்கள் மிகக் குறைவு.

அந்த ஆற்றலுக்கும் எல்லை உண்டு. லாரிச் சக்கரம் ஏறி எலும்பில் ஒரு துண்டே நொறுங்கிப் போய்விட்டால், கட்டி வந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டால், சீழ் பிடித்து அரித்துவிட்டால், இரு முனைகளும் ஒன்றையொன்று எட்டுவதில்லை. நீளமான எலும்பில் இடைவெளி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் உடல் தானாக அதை நிரப்பும் என்று மருத்துவர்கள் எதிர்பார்ப்பதில்லை. கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு, தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவுகளில் காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க ஒரு மதிப்பெண் முறையை 2006இல் வெளியிட்டது. இன்று பல நாடுகளில் அது பேசப்படுகிறது. சாலை விபத்து நம்மிடம் எவ்வளவு இருக்கிறது, அதில் நம் மருத்துவர்களின் அனுபவம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

இடைவெளியை நிரப்பக் காலங்காலமாக இருக்கும் வழி, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுத்து வைப்பது. இன்றும் அதுதான் முதல் தரம். அதில் உயிருள்ள செல் இருக்கிறது, வளரச் சொல்லும் புரதம் இருக்கிறது, சொந்த உடம்பு என்பதால் ஒவ்வாமை இல்லை. ஆனால் காலுக்காகப் போனவர் இடுப்பிலும் ஒரு வெட்டோடு திரும்ப வேண்டும். சிலருக்குக் கால் வலி போன பிறகும் இடுப்பு வலி நிற்கும். எடுக்கக் கிடைப்பதும் கைப்பிடி அளவுதான். குழந்தைக்கும் எலும்பு தேய்ந்த முதியவருக்கும் அதுவும் கிடைக்காது. இறந்தவர் தானமாகத் தந்த எலும்பைப் பதப்படுத்தி வைக்கும் வங்கிகள் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1988 முதல் திசு வங்கி இயங்குகிறது; காமாக் கதிரால் கிருமி நீக்கி அங்கிருந்து எலும்பு அனுப்புகிறார்கள். ஆனால் நாட்டின் தேவையோடு ஒப்பிட்டால் தானம் மிகக் குறைவு. அதனால்தான் செயற்கைப் பொருளைத் தேட வேண்டியிருக்கிறது.

எலும்பைப் போல ஒன்றைச் செய்ய வேண்டுமானால் எலும்பு எதனால் ஆனது என்று முதலில் தெரிய வேண்டும். காய்ந்த எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அந்தத் தாதுவுக்கு ஹைட்ராக்சிஅபடைட் என்று பெயர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். தாது மட்டும் இருந்தால் எலும்பு பீங்கான் மாதிரி உடையும். நார் மட்டும் இருந்தால் வளையும். கான்கிரீட்டில் கம்பியும் ஜல்லியும் பங்கு போட்டுக்கொள்வதைப் போல இரண்டும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இதில் கொலாஜனின் உருவத்தைக் கண்டுபிடித்தது சென்னை. ஜே.டி. பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி சென்னைக்கு வந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று ஜி.என். ராமச்சந்திரனிடம் சொல்லிவிட்டுப் போனார். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ராமச்சந்திரன், பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு மாதிரிகளைச் சேர்த்தார். தோல் பதனிடும் தொழிலுக்குக் கொலாஜன்தான் உயிர் என்பதால் அங்கே அது கிடைத்தது. கங்காருவின் வால் தசைநாரில் எக்ஸ் கதிரைச் செலுத்தி எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு வடிவத்தை முன்வைத்தார். அடுத்த ஆண்டு அதைத் திருத்திச் செம்மையாக்கினார். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட முப்புரிக் கயிறு. இன்று உலகில் எந்த ஆய்வகத்தில் யார் கொலாஜனில் எலும்பு வளர்த்தாலும், கிண்டியில் முறுக்கிப் பார்த்த அந்தக் கயிற்றின் மேல்தான் வளர்க்கிறார்கள்.

தாதுவும் நாரும் சேர்ந்தது வெறும் சுவர். அதற்குள் குடியிருப்பவை செல்கள். சில செல்கள் கொத்தனார் வேலை பார்க்கின்றன, புது எலும்பைக் கட்டுகின்றன. வேறு சில பழைய எலும்பை அமிலம் விட்டுக் கரைத்து எடுக்கின்றன. வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் இப்படி இடித்துக் கட்டப்படுகிறது.

உயிர்ப்பொருள் விஞ்ஞானிகள் தயாரிக்க முயல்வது அந்தக் கொத்தனார்களுக்கான சாரம். கட்டட வேலையில் சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டுகிறார்களே, அதே சாரம்தான். கொத்தனார் நிற்க இடம் வேண்டும், சாமான் மேலே போக வழி வேண்டும், வேலை முடியும்வரை சாரம் தாங்க வேண்டும், முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். உடலுக்குள் அவிழ்க்க ஆள் வர முடியாது. செல்களே அதைக் கரைத்துவிட வேண்டும். சாரம் சீக்கிரம் கரைந்தால் பாதிக் கட்டிய சுவர் சரியும். கரையவே மறுத்தால் புது எலும்புக்கு இடமிருக்காது. இந்தத் துறையில் பாதிப் பாடு இந்த நேரக் கணக்கில்தான்.

ஆரம்பத்தில் யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. 1892இல் டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழிகளைப் பாரிஸ் சாந்தால் நிரப்பினார். மாவுக்கட்டுக்கு வெளியே பூசுகிற அதே மாவை உள்ளே வைத்தார் என்று சொல்லலாம். சில குழிகளில் எலும்பு வளர்ந்தது. ஆனால் அந்த மாவு சில வாரங்களில் கரைந்துவிடும், எலும்புக்கோ மாதக்கணக்கில் நேரம் வேண்டும். பிறகு உடம்புக்குள் வைத்த பல உலோகங்களையும் பிளாஸ்டிக்குகளையும் உடல் கரைக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. சுற்றிலும் ஒரு தழும்புச் சவ்வைக் கட்டி ஒதுக்கி வைத்தது.

அதை மாற்றியது ஒரு பஸ் பயணம். 1967இல் அமெரிக்காவில் ஒரு மாநாட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த லாரி ஹென்ச் என்ற பொருளறிவியல் ஆய்வாளரின் பக்கத்து இருக்கையில், வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். உடல் தள்ளிவிடாத ஒரு பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று அவர் கேட்டார். காலையும் கையையும் இழந்த இளைஞர்களைப் பார்த்துவிட்டு வந்தவர் கேட்ட கேள்வி. ஹென்ச் யோசித்தார். எலும்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. அவற்றையே சேர்த்து ஒரு கண்ணாடி செய்தால் என்ன? 45 சதவீதம் சிலிக்கா, 24.5 சதவீதம் சோடா, 24.5 சதவீதம் சுண்ணாம்பு, 6 சதவீதம் பாஸ்பரஸ் ஆக்சைடு. 1969இல் அந்தக் கண்ணாடித் துண்டை எலியின் தொடையெலும்பில் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து எடுக்கப் பார்த்தால் எடுக்க வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. உயிருள்ள எலும்பு மனிதன் செய்த பொருளோடு இப்படி வேதிமுறையில் பிணைந்ததை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. இன்று பற்கூச்சத்துக்கு விற்கும் சில பற்பசைகளில்கூட அந்தக் கண்ணாடித் தூள் இருக்கிறது.

ஒட்டினால் மட்டும் போதாது, உள்ளேயும் நுழைய வேண்டும். அதற்குத் துளை வேண்டும். செல் நுழைய ஏறத்தாழ 100 மைக்ரான் துளை. ரத்த நாளமும் நுழைந்து நல்ல எலும்பு வளர 300 மைக்ரானுக்கு மேல் இருந்தால் நல்லது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 100 மைக்ரான் என்பது நம் தலைமுடி ஒன்றின் தடிமன். துளைகள் தனித்தனிக் குழிகளாக இருந்தால் பயனில்லை. அறைக்கு அறை கதவு வைத்த வீடு போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி இருக்க வேண்டும். கணவாய் ஓட்டின் மேல் விஞ்ஞானிகளுக்கு ஆசை வந்தது இதனால்தான். இத்தனை கச்சிதமான கூடங்களை ஆய்வகத்தில் செய்யப் பெரும்பாடு படவேண்டும். கணவாய் அதைக் கட்டிக் கரையில் போட்டுவிட்டுப் போகிறது.

செல்லுக்குத் தொட்டுணர்வும் உண்டு. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மூலச்செல் பல வகைச் செல்லாக மாறக்கூடியது. 2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எங்லரும் டிஷரும் அந்தச் செல்களை மூன்று வகைக் களியில் வளர்த்தார்கள். மூளையைப் போல மெத்தென்ற களியில் அவை நரம்புச் செல்லின் குணம் காட்டின. தசை போன்ற களியில் தசையின் குணம். விறைப்பான களியில் எலும்பின் குணம். மருந்து எதுவும் மாற்றவில்லை. காலுக்கடியில் இருக்கும் தரையின் விறைப்பை வைத்தே, தான் என்னவாக வேண்டும் என்று செல் முடிவெடுத்தது.

அடுத்த ஆண்டு கிளாஸ்கோவிலிருந்து வந்த சோதனை இன்னும் வியப்பானது. ஒரு பிளாஸ்டிக் தகட்டில் 120 நானோமீட்டர் அகலமுள்ள குழிகளை வரிசையாகப் போட்டார்கள், புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போல. புள்ளி நேராக இருந்த தகட்டில் மூலச்செல்கள் எலும்பாகவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் அதன் இடத்திலிருந்து 50 நானோமீட்டர் வரை இஷ்டத்துக்கு விலக்கி வைத்த தகட்டில் எலும்புத் தாது படிந்தது. புள்ளி கோணினால் கோலம் கெடும் என்பார்கள். இங்கே கோணியதால்தான் எலும்பு விளைந்தது. இயற்கையின் கொலாஜன் நாரும் அளவெடுத்த வரிசையில் இருப்பதில்லை.

கரையும் வேகத்துக்கு நல்ல தீர்வு தந்தவர்கள் பிரான்சின் நாந்த் நகரத்துக்காரர்கள். ஹைட்ராக்சிஅபடைட் உடலில் கரைய ஆண்டுக்கணக்காகும். அதன் உறவுப் பொருளான டிரைகால்சியம் பாஸ்பேட் அதைவிட விரைவாகக் கரையும். கி தக்கூல்சியும் அவரது குழுவும் இரண்டையும் கலந்து, கலவை விகிதத்தை வைத்தே கரையும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று காட்டினார்கள். எலும்பு மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் இன்று குழிகளில் நிரப்பும் குருணைகளில் பல இந்தக் கலவைதான். பிரான்சிலிருந்து வந்த இன்னொரு நல்ல யோசனை அலென்-ஷார்ல் மாஸ்கலே என்ற அறுவை மருத்துவருடையது. எலும்பு போன இடத்தில் அவர் முதலில் எலும்புச் சிமெண்ட் கட்டியை வைத்தார். ஆறு முதல் எட்டு வாரத்தில் உடல் அதைச் சுற்றி ஒரு சவ்வைக் கட்டியது. பிறகு சிமெண்டை எடுத்துவிட்டு அந்தப் பைக்குள் எலும்புத் துகளை நிரப்பினார். ரத்த நாளம் நிறைந்த சவ்வு என்பதால் எலும்பு கூடியது. அதுவரை விஞ்ஞானிகள் தொல்லையென்று நினைத்த சவ்வை அவர் துணையாக்கிக்கொண்டார்.

தமிழ்நாட்டில் இந்த வேலை எங்கெங்கு நடக்கிறது என்று பார்த்தால், சமையலறைக் குப்பையும் மீன் சந்தைக் குப்பையும் முக்கியமான சரக்காக இருப்பது தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யில் டி.எஸ். சம்பத்குமாரின் குழு முட்டை ஓட்டிலிருந்து நானோ அளவு ஹைட்ராக்சிஅபடைட் செய்து 2007இல் வெளியிட்டது. முட்டை ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, பாஸ்பேட்டோடு கலந்து, மைக்ரோவேவில் வைத்து எடுப்பது. சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, பழைய புதுச்சேரி வீடுகளுக்குப் பூசியவர்கள் செய்ததும் முதல் பாதி வரை இதே வேலைதான். ஊருக்குத் தெற்கே ஓடும் ஆற்றுக்கே சுண்ணாம்பாறு என்று பெயர். காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தில் என். செல்வமுருகன் குழு, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் எலும்புச் சாரம் செய்து, அதில் செல்லின் எந்தெந்த மரபணு விழிக்கிறது என்று ஆராய்கிறது. தஞ்சை சாஸ்த்ராவில் சுவாமிநாதன் சேதுராமன் தலைமையில் நானோ இழைகளை நூற்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனம், இதய வால்வை நாட்டிலேயே செய்து 1990இல் நோயாளிக்குப் பொருத்திக் காட்டிய நிறுவனம், எலும்புக்கான பீங்கான் பொருள்களிலும் நெடுங்காலமாக உழைக்கிறது.

காலாப்பட்டில் நானோ அறிவியல் மையத்தில் கண்ணனின் குழு எடுத்துக்கொண்டது இன்னொரு சிக்கல். கால்சியம் பாஸ்பேட்டைச் செல்லுக்குப் பிடிக்கும், ஆனால் அது பலவீனமானது. நடக்கும்போது உடலின் பாரம் முழுவதையும் தாங்காது. சிர்கோனியா என்ற பீங்கான் பலமானது, ஆனால் செல்லோடு உறவாடாது. இரண்டையும் ஒரே பொருளில் இணைத்து வைப்பது, கால்சியம் உட்காரும் இடங்களில் வேறு உலோக அயனிகளைச் சிறிதளவு உட்கார வைத்து அதன் குணத்தைத் திருத்துவது என்று அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் உலையும் வெள்ளைப் பொடியும்தான் தெரியும். பாரம் தாங்கும் சாரம் என்பது இந்தத் துறையில் இன்னும் முழுமையாகத் தீராத கணக்கு, அதைத்தான் அவர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செய்த சாரத்தில் எலும்பு வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செல்களைச் சாரத்தில் விட்டு மூன்று நான்கு வாரம் வளர்த்து, ஒரு சாயத்தை ஊற்றுகிறார்கள். செல்கள் கால்சியத்தைப் படியவைத்திருந்தால் அந்த இடம் செக்கச்செவேலென்று சிவக்கும். சாயத்தின் பெயர் அலிசரின் சிவப்பு. இப்போது அது தொழிற்சாலையில் தயாராகிறது. ஆனால் அலிசரின் என்ற அந்தச் சாயப்பொருள் சோழமண்டலக் கரைக்குப் பழைய சொந்தக்காரர். நம் கடற்கரை மணலில் தோண்டி எடுத்த சாயவேரில் இருந்தது அதுதான். பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் கப்பல் கப்பலாக வாங்கிப் போன இந்தக் கரையின் துணிகளுக்குச் சிவப்பைத் தந்ததும் அதுதான். எலும்புக்கும் அந்தச் சிவப்புக்கும் உள்ள உறவை 1736இல் லண்டன் மருத்துவர் ஜான் பெல்ச்சியர் கவனித்தார்: சாயப்பட்டறைக் கழிவைத் தின்ற பன்றியின் எலும்பு சிவந்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் துஹாமெல் துய் மொன்சோ என்ற பிரெஞ்சுக்காரர், விலங்குகளுக்கு அலிசரின் உள்ள வேர் ஒன்றைச் சில நாள் கொடுத்தும் சில நாள் நிறுத்தியும், எலும்பில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வளையமிடுவதைக் கண்டார். எலும்பு எப்படி வளர்கிறது என்று உலகம் முதன்முதலில் கண்ணால் பார்த்தது இப்படித்தான். ஊரார் ரோடியர் மில் என்று அழைத்த, 1898இல் தொடங்கி 2020இல் மூடிய ஏ.எஃப்.டி. பஞ்சாலையின் சங்கொலி கேட்டு எழுந்த முதலியார்பேட்டைக்காரர்களுக்கு நூலும் சாயமும் புதிதல்ல. அதே நூற்பும் அதே சாயமும் இன்று எலும்பு ஆய்வகத்தில் இருக்கின்றன.

கண்ணாடித் தட்டில் சிவந்தது எல்லாம் காலில் கூடிவிடாது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தட்டில் செல்லுக்குச் சத்து நீர் நாலாபுறமும் கிடைக்கிறது. உடலுக்குள் ரத்த நாளத்திலிருந்து 200 மைக்ரானுக்கு மேல் விலகிய செல் பிழைப்பது கடினம். சர்க்கரைக் கட்டி அளவு சாரத்தை வைத்தால் நடுவிலிருக்கும் செல்கள் நாளம் வந்து சேருமுன் செத்துவிடும். உலகம் முழுவதும் இந்தத் துறை முட்டி நிற்கும் சுவர் இதுதான்.

அவசரத்துக்கும் விலை உண்டு. எலும்பை வளரச் சொல்லும் புரதம் ஒன்று இருப்பதை 1965இல் மார்ஷல் உரிஸ்ட் கண்டுபிடித்தார். அந்தப் புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து வைக்க 2002இல் அமெரிக்கா அனுமதி தந்தது. எலும்பு நன்றாக வளர்ந்தது, வளரக் கூடாத இடத்திலும் வளர்ந்தது. கழுத்து முதுகெலும்பில் பயன்படுத்தியபோது சிலருக்கு மூச்சுக்குழலே அடைபடும் அளவு வீங்கியது. 2008இல் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. முயல், ஆடு என்று படிப்படியாகச் சோதித்து, பிறகு சில நோயாளிகளிடம் சோதித்து, இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி அனுமதி வாங்கி வருவதற்குள் பல ஆண்டுகள் ஆகின்றன என்றால், அந்த ஆண்டுகள் வீணல்ல.

வீணாவது வேறு இடத்தில். ஆய்விதழில் கட்டுரை வெளிவந்ததும் பல கண்டுபிடிப்புகளின் பயணம் நின்றுவிடுகிறது. விலங்குச் சோதனைக்கும் நோயாளிச் சோதனைக்கும் ஆகும் செலவை ஒரு பல்கலைக்கழகத் துறை தாங்காது. லாபம் உறுதியாகாமல் நிறுவனங்களும் வருவதில்லை. இதனால் குழியை நிரப்பும் குருணையில் கணிசமானது இன்னும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, கூலி வேலை செய்பவருக்கு எட்டாத விலையில். புதுச்சேரிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. பொருள் செய்யத் தெரிந்தவர்கள் காலாப்பட்டில். மூலப்பொருள் தேங்காய்த்திட்டில். மூன்றும் ஒரே ஊரின் பஸ் தடத்தில். இவர்களைச் சேர்த்து வைக்கும் ஒரு நீண்டகாலத் திட்டத்துக்கு அரசு பணம் ஒதுக்கினால், கடலூர் சாலையில் கால் நொறுங்கிய ஒருவருக்கு உள்ளூர்ச் சாரம் கிடைக்கும் நாள் கிட்டத்தில் வரும்.

அதுவரை வாசகர்கள் சிலவற்றை நினைவில் வைக்கலாம். கடல் நுரையை இடித்துக் காயத்தில் வைக்க வேண்டாம். சமைக்காத ஓட்டில் கடலின் அழுக்கும் கிருமியும் இருக்கும், ஆய்வகத்தில் அது படும் வெப்பம் எதுவும் வீட்டில் படாது. எலும்பு கூடும்வரை பீடி, சிகரெட் கூடவே கூடாது. புகை ரத்த நாளத்தைச் சுருக்கும், சாரம் எதுவானாலும் செல்லுக்குச் சாப்பாடு போகாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு மூட்டு மாற்றுகிறார்கள் என்றால், வெட்டி எடுக்கும் எலும்புப் பந்தை எலும்பு வங்கிக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் அது குப்பைக்குப் போகிறது. எலும்பில் ஏதாவது நிரப்பினால், அது எதனால் ஆனது, எத்தனை மாதத்தில் கரையும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் பொட்டலத்தோடு வரும் ஸ்டிக்கரில் பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வாங்கி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.